மகள் கேட்ட ‘புரோட்டீன் பார்’



‘புரோட்டீன் பார்’ என்று ஒரு பண்டம் இப்போது மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் வரிசையாக அடுக்கியிருக்கிறது. விளையாடுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பெயர் காதில் விழாமல் இருக்காது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளியில் 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். “புரதம் நிறைய சாப்பிடணும்” என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். இவளோ கூட ஓடும் பெண் கையில் பார்த்த பாரையே வாங்கித் தரச் சொன்னாள்.

விலை ஒன்று 100 ரூபாய். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி என்றால் மாதம் 2,500 ரூபாய் ஆகிறது! என் கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதப் பாலும் முட்டையும் வந்துவிடும். அதற்காக ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லவும் மனம் வரவில்லை. வளரும் பெண், ஓடும் பெண். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறதே!

ஒன்றே ஒன்று வாங்கி வந்து, உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். சேர்மானங்களில் எடை அதிகமானதை முதலிலும் குறைவானதைக் கடைசியிலும் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதனால் முதல் மூன்று பெயர்களைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். சில பார்களில் புரதத்துக்கு முன்னால் சர்க்கரைப் பாகு வந்து நிற்கிறது. நான் வாங்கியதில் 20 கிராம் புரதம் என்று போட்டிருந்தது. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பொடியைச் சேர்ப்பதால்தான் அவ்வளவு வருகிறது.

என் மாமியார் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரு விள்ளல் வாயில் போட்டவர், “இதுக்கா நூறு ரூவா? நம்ம கடலை மிட்டாய்க்குப் பகட்டுச் சட்டை போட்டு விட்டுருக்கான்” என்றார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் மிட்டாயாயிற்றே, அந்தப் பெருமை அவருக்கு இருக்காதா? அவர் சொன்ன பக்குவத்தில், கடலையோடு பொட்டுக்கடலையும் எள்ளும் சேர்த்து நாங்கள் செய்வது இது.

தேவையானவை: வேர்க்கடலை 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், எள் 50 கிராம், பாகு வெல்லம் 200 கிராம், ஏலக்காய், சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, தட்டில் தடவக் கொஞ்சம் நெய்.

கடலையை முதலில் நன்றாகப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் தூர எறியுங்கள். பூஞ்சையால் உண்டாகும் நச்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. பிறகு மிதமான தீயில் வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்துக் கொள்ளுங்கள். எள்ளைப் படபடவென வெடிக்கும் வரை வறுத்தால் போதும். பொட்டுக்கடலையில் பாதியை மட்டும் ஒன்றிரண்டாகப் பொடியுங்கள்.

வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்க விடுங்கள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். உடனே அடுப்பை அணைத்து எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுங்கள். நெய் தடவிய தட்டில் பரப்பி, டம்ளரின் அடிப்பக்கத்தால் அழுத்துங்கள். சூடு இருக்கும்போதே 12 துண்டுகளாகக் கீறி விடுங்கள். ஆறிய பிறகு கத்தி இறங்காது. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் மொறுமொறுவென்று இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 கிராம் வேர்க்கடலையில் 23 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. பொட்டுக்கடலையில் சுமார் 22, எள்ளில் 18-க்குக் குறையாது. பிரித்துப் பார்த்தால் துண்டுக்கு ஏறக்குறைய ஆறரை கிராம் வருகிறது. கடலையில் குறைவாக உள்ள சில புரதக்கூறுகள் எள்ளிலும் பொட்டுக்கடலையிலும் இருப்பதால், ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். எங்கள் ஊர்க் கடை விலைக்கு மொத்தச் செலவு 80 ரூபாய்க்குள்தான். ஒரு துண்டு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை.

“அதுல 20 கிராம், இதுல ஆறரைதானே?” என்று மகள் விடாமல் கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு துண்டோடு ஒரு டம்ளர் பாலும் ஓர் அவித்த முட்டையும் கொடுத்தால் கிட்டத்தட்ட அந்த 20 வந்துவிடுகிறது. மூன்றும் சேர்ந்து 30 ரூபாய்க்குள் முடிகிறது. முட்டை சாப்பிடாத வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்கலாம்.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். ஒரு துண்டில் ஏறக்குறைய 17 கிராம் வெல்லம் இருக்கிறது. வெல்லமானாலும் இனிப்பு இனிப்புதான். ஓடிவிட்டு வரும் பிள்ளைக்கு ஒன்று போதும். அதையும் சாயங்கால பஜ்ஜி, பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ள என் மாமியாருக்கு வெல்லம் இல்லாமல் வறுத்த கடலை ஒரு கைப்பிடி மட்டும்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்து உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள். கடலை ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மகளுக்காகப் போட்ட கணக்கில் எனக்கும் ஒரு விஷயம் தெரிந்தது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று 2020-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை சொல்கிறது. 55 கிலோ எடையுள்ள எனக்கு 46 கிராம் தேவை. இட்லி, சாம்பார் சாதம், இரண்டு தோசை, காபி என்று என் ஒருநாள் சாப்பாட்டைக் கூட்டினால் முப்பதைத் தாண்டவில்லை. பருப்பு அடியில் கொஞ்சம் மிஞ்சினால்தானே நமக்கு! முட்டை என்றால் பிள்ளைகளுக்கும் அவருக்கும் எண்ணி வைத்தது போக எங்கே இருக்கிறது?

ஓடுகிற பெண்ணுக்கு மட்டும்தானா உடம்பு? விடிகாலை எழுந்து ராத்திரி பத்து மணி வரை நாமும்தான் ஓடுகிறோம். ஆகவே தோழிகளே, தட்டில் 12 துண்டு கீறும்போது, மற்றவர்களுக்கு எடுத்து வைக்கும் முன்பே ஒன்றை உங்களுக்கென்று ஒதுக்கி விடுங்கள். ‘மிஞ்சினால் பார்க்கலாம்’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

— ஒரு வாசகி, சிவகாசி.