கேட்கத் தெரியாத கேள்வி

ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு, ஊராரின் இன்ப துன்பங்கள் காகிதங்களாகவே வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்று புற்றுநோயாளர்க்குரிய சலுகைப் படிவம். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளி அதனை நீட்டினால் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் கட்டணமே இல்லை. துணைக்குச் செல்பவர்க்கு முக்காற்பங்கு தள்ளுபடி. இதனை அறியாது முழுக் கட்டணம் செலுத்துவோரைக் காணுந்தோறும் நம் மனம் வருந்தும். கேட்கத் தெரிந்தவர்க்கே கிடைக்கும் உதவிகள் உலகில் பல. பணத்தினும் பெரிதான அத்தகைய ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

நம் குடியிருப்பில் ஓர் அம்மையார்க்குப் புற்றுநோய் கண்டு, ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. நோய் நீங்கிற்று. சில திங்கள் கழித்து அவர் நம் இல்லாளிடம் சொன்னாராம்: “உயிர் தப்பினேன், குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் அக்குளருகே தோல் மடிந்து தொங்குகிறதம்மா. ரவிக்கை பட்டால் எரிகிறது. இதை முன்பே கேட்டிருக்கலாம் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே!”

ஆண்மகனாகிய நாம் இதை எழுதலாமோ எனத் தயங்கினோம். “யாரேனும் எழுதினால்தானே நாலு பேருக்குத் தெரியும்?” என்று அவ்வம்மையாரே நம் தயக்கத்தைத் தீர்த்தார்.

மார்பகம் அகற்றப்பட்டபின் அதனை மீண்டும் உருவாக்கிக்கொள்வோர் உண்டு. அது வேண்டாமென்று தட்டையாகவே இருப்போரும் உண்டு; அவருட் சிலர் ஆடைக்குள் செயற்கை மார்பு அணிவர். தட்டையாக இருக்க விரும்புவோர்க்கென ஒரு முறை இருக்கிறது. மிகுதியான தோலையும் கொழுப்பையும் நீக்கி, எஞ்சிய தோலைச் சீராக்கி, தழும்பு நெஞ்சோடு படியுமாறு தைத்து மூடுவதே அது. ஆங்கிலத்தில் ‘ஏஸ்தெடிக் பிளாட் குளோஷர்’ என்பர். நாம் ‘சீர்த்தட்டை மூடல்’ எனலாம்.

அமெரிக்காவில் இதற்காகப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. 1978இல் ஒரு மார்பகத்தை இழந்த கவிஞர் ஆட்ரி லார்ட் செயற்கை மார்பு அணிய மறுத்தார். மருத்துவரின் அறையில் செவிலி அதற்காக அவரைக் கடிந்துகொண்டதையும் 1980இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பின்னாளில் கிம் போல்ஸ் என்ற பெண்மணி, தட்டையாகவே வேண்டும் என்று சொல்லியிருந்தும் மிகுதித் தோல் விடப்பட்டதைக் கண்டு கொதித்தார். தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேரலாகாது என்று தொண்டமைப்பு ஒன்றை நிறுவினார். தன்னார்வப் பெண்கள் பலர் இச்செய்தியைப் பரப்பலாயினர். 2020இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இச்சொல்லைத் தன் மருத்துவ அகராதியிற் சேர்த்தது. 2021இல் வெளியான ஆய்வொன்றில், மறுவடிவமைப்புச் செய்துகொள்ளாத 931 பெண்களுள் நூற்றுக்கு 74 பேர் தம் அறுவையின் விளைவில் நிறைவு கண்டதாகக் கூறினர். 22 பேர் தம் விருப்பத்துக்கு மருத்துவரிடம் ஆதரவு கிட்டவில்லை என்றனர். பெயர் ஒன்று கிடைத்தபின் கேட்பது எளிதாயிற்று.

நிற்க. நம் நாட்டுப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. மறுவடிவமைப்புச் செய்துகொள்வோரோ மிகச் சிலர். ஆகவே பெரும்பாலோர் தட்டையாகவே வாழ்கின்றனர். ஆனால் எப்படி மூடுவது என்று எவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. பிழைப்புக்காகப் பிறமொழி மாநிலத்துக்கு வந்த நமக்கோ மொழித் தடையும் சேர்ந்துகொள்கிறது. வெட்கத்தோடு மொழியும் தடுத்தால் வாய் எப்படித் திறக்கும்?

நம் சங்கத்து மாதர் செய்யத்தக்க தொண்டு இங்கேதான் இருக்கிறது. சிகிச்சையைப் பற்றி ஆலோசனை கூறுவது நம் வேலையன்று. அது மருத்துவர் கடன். அறுவைக்கு முன்னாள் அச்சகோதரியோடு உடன் சென்று, அவர் கேட்க விரும்புவதை அவ்வூர் மொழியில் எடுத்துரைத்தால் போதும். “தட்டையாக மூடுவதானால் தழும்பு எவ்வாறு அமையும்? அக்குளருகே தோல் மடியுமா? ஒரே அறுவையில் முடியுமா, மற்றொன்றும் தேவைப்படுமா? பின்னாளில் மனம் மாறினால் வழியுண்டா?” இந்நான்கையும் தாளில் எழுதிக் கையில் கொடுக்கலாம்.

எவ்வழியும் தாழ்ந்ததன்று. தேர்வது அவர் உரிமை, கணவருடையதுமன்று, சுற்றத்தாருடையதுமன்று. கேள்வி ஒன்று உண்டென்று காலத்தில் சொல்லிவைப்பதே நம் கடமை.

நம் அம்மையார் இப்போது அந்நான்கு கேள்விகளையும் தமிழிலும் இந்தியிலும் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். வேண்டுவோர் சங்க அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.