ஸ்நூக்கர் விதிகள் பிறந்த ஊட்டி கிளப்: பழைய கட்டடம் ஏன் முக்கியம்?

ஸ்நூக்கர் விளையாட்டுக்கும் நம்ம ஊட்டிக்கும் என்ன சம்பந்தம்? பதில், வெள்ளைத் தூண்கள் கொண்ட ஊட்டி கிளப்பில் இருக்கிறது.

1830-களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் இதைக் கட்டினார். முதலில் ஹோட்டல், 1840-களில் ஆங்கிலேயர்களின் கிளப். பார், பில்லியர்ட்ஸ் அறை, சுவரெல்லாம் வேட்டை விலங்குகளின் தலைகள். 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் உருவாக்கிய ஸ்நூக்கருக்கு, 1880-களில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது இங்கேதான்.

இப்படி ஒரு கட்டடத்தை இடிச்சுட்டா? லண்டனில் கார்ல்டன் டேவர்ன் பப்பை 2015-ல் அனுமதியில்லாமல் இடிச்சாங்க. பழையபடியே கட்டச் சொன்னது உள்ளாட்சி நிர்வாகம். 2021-ல் மீண்டும் திறந்தது. கைகொடுத்தவை, இடிப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த பதிவுகள்.

உங்க ஊர்ப் பழைய கட்டடத்தையும் இன்றே போட்டோ எடுத்து வைங்க. நாளைக்கு அதுவே சாட்சி.