பூநாரையின் பெயர்: புட்டுப் புட்டு வைத்தால்

மாரி காலத்தில் தாம்போதி வழியாக மன்னார்த் தீவுக்குப் போகிறவர்கள் கண்ணில் பூநாரைக் கூட்டம் படாமல் போகாது. 2010இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. ஊரில் பூநாரை, உயிரியல் புத்தகத்தில் 'ஃபீனிகொப்டெரஸ்'. ஆங்கில எழுத்தில் எழுதினால் 14 எழுத்து. கண்டதும் நாக்கு மடங்கிவிடும்.

குழற்புட்டு ஒன்றைத் தட்டில் தள்ளிவைத்துப் பாருங்கள். மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ என்ற அடுக்கு. சொல்லிலே மா என்பது உயிரொலி, தேங்காய்ப்பூ மெய்யொலி. மா எத்தனை அடுக்கோ சொல்லுக்கு அத்தனை துண்டு. இடையில் தேங்காய்ப்பூ கொஞ்சமாக, அதாவது ஒரே மெய்யாக இருந்தால், அது அடுத்த துண்டோடு ஒட்டிக்கொண்டு போகும். நமது உயிர்மெய்யும் இதுதானே! இரண்டு மெய் தடிப்பாகக் கிடந்தால் கத்தியை நடுவில் இறக்க வேண்டும்.

எழுத்தை விட்டுவிட்டு ஓசையை எண்ணுங்கள். தொடக்கத்துப் 'பி', 'எச்' சேர்ந்து ஒரே ஃப். அடுத்த 'ஓ', 'ஈ' சேர்ந்து ஒரே ஈ. ஃபீ-னி-கொப்-டெ-ரஸ்: 5 துண்டு. ப், ட் இரண்டும் நின்ற இடத்தில் கத்தி நடுவே இறங்கியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பொருளின் பொருத்து அங்கே இல்லை. கிரேக்கத்தில் 'ஃபொய்னிக்ஸ்' செந்நிறம், 'ப்டெரொன்' சிறகு. பொருளைப் பார்த்து வெட்டினால் ப் பின்பக்கம் போக வேண்டும். வாய் அதை முன்பக்கம் தள்ளிவிட்டது. ஹெலிகொப்டரில் சுழல்வதும் இதே 'ப்டெர்'தான். சொல்லின் தலையிலேயே இந்த ப்ட் வந்தால், சாய்ந்துகொள்ள முன்துண்டு கிடையாது. பழங்காலப் பறக்கும் ஊர்வனவான 'ப்டெரொடக்டில்' என்பதை, ஆங்கிலம் பேசுகிறவர் ப்-ஐ விழுங்கி 'டெரொடக்டில்' என்கிறார்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது அழுத்தத்தில். தமிழில் எல்லாத் துண்டையும் ஒரே கனத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த லத்தீன் பெயர்களுக்கு ஈற்றயல் துண்டைப் பார்க்க வேண்டும். அது நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல். இல்லாவிட்டால் அதற்கு முந்தியதன்மேல். 'டெ' குறில், ஆகவே 'கொப்' ஓங்கி ஒலிக்கும். உயிரியல் வகைப்பாட்டில் பூநாரைகள் அடங்கும் வரிசையின் பெயரான 'ஃபீனிகொப்டெரிஃபோர்மீஸ்' 7 துண்டு. அதில் ஈற்றயல் 'ஃபோர்' கனமானது, அழுத்தமும் அங்கேயே.

அதே மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் உயிரியல் பெயர் 'அடன்சோனியா'. நீங்களே வெட்டிப் பாருங்கள்: 5 துண்டு வரும், அழுத்தம் 'சோ'வில் விழும்.