செங்கல் தவறும் கணம்

தொலைவின் குரல் – 9

சென்ற வாரம் குரலை எண்களாக்கும் வித்தையைப் பார்த்தோம். நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டுகளில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட்டுகள். அவ்வளவையும் அனுப்பிவிட்டால் மறுமுனையில் குரல் வந்துவிடும் என்று தோன்றும். அது மட்டும் போதாது. அனுப்புகிற இடமும் வாங்குகிற இடமும் ஒரே வேகத்தில் எண்ண வேண்டும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் வீசுவார், சாரத்தில் நிற்பவர் பிடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. கைகள் தாமாகவே ஒரு தாளத்துக்கு வந்துவிடும். கீழே இருப்பவர் கொஞ்சம் வேகமெடுத்தால் உடனே ஒன்றும் ஆகாது. சாரத்தில் இருப்பவர் ஒரு கல்லைக் கூடுதலாகக் கையில் வைத்துச் சமாளிப்பார். அதே வேகம் நீடித்தால் ஒரு கல் கீழே விழுந்தே தீரும்.

தொலைபேசி நிலையத்தில் நடப்பதும் இதுதான். 30 பேச்சுகளைச் சுமந்துவரும் 2.048 மெகாபிட் தடத்தில் 125 மைக்ரோநொடிக்கு ஒரு சட்டகம், அதாவது எண்களின் ஒரு தொகுப்பு, வந்து இறங்குகிறது. வாங்கும் நிலையம் அதைச் சிறிய நினைவகமொன்றில் தேக்கி, தன் கடிகாரப்படி எடுத்துக்கொள்கிறது. இரு நிலையங்களின் கடிகாரங்களும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலே 125 நொடிக்கு ஒரு சட்டகம் தொலையும், அல்லது ஒரே சட்டகம் இருமுறை படிக்கப்படும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் பன்னிரண்டு நாளுக்கு ஒரு நொடி பிசகும் கடிகாரம். கையில் கட்டிக்கொள்ள அது அருமையான கடிகாரம். தொலைபேசிக்கு உதவாது.

சட்டகம் இப்படித் தவறுவதைத் துறையினர் ‘ஸ்லிப்’ என்கிறார்கள். பேச்சில் அது சின்ன ‘டிக்’ ஒலி. காது அதைப் பொருட்படுத்தாது. ஃபேக்ஸில் வரிகள் காணாமல் போகும். மறையாக்கம் செய்து அனுப்பும் தகவலிலோ இரு முனைகளும் ஒன்றையொன்று தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து கைகோக்க வேண்டிவரும்.

அதனால்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஒரு வலையமைப்பின் தலைமைக் கடிகாரம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிசகக்கூடாது என்று வகுத்தது. அத்தகைய இரு கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் பிசகினாலும் 72 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான். இந்தத் துல்லியத்தைத் தருவது சீசியம் அணு. அதன் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலத்தைத்தான் 1967 முதல் உலகம் ஒரு நொடி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஊருக்கொரு சீசியம் கடிகாரம் வைத்தால் கட்டுப்படியாகாது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் மிசூரி மாநிலத்து ஹில்ஸ்பரோவில் தலைமைக் கடிகாரங்களை நிறுவி, அவற்றின் துடிப்பைக் கம்பிவழியே மற்ற நிலையங்களுக்குப் படிப்படியாக இறக்கியது. பிறகு ஜி.பி.எஸ். வந்தது. அதன் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. உள்ளங்கை அகல ஆன்டெனா ஒன்றை மாடியில் வைத்தால் போதும், அந்த நேரம் கட்டணமின்றிக் கிடைக்கும். கைப்பேசிக் கோபுரத்துச் சாதனங்களின் அருகே வெள்ளைக் காளான் போல ஒன்று நிற்பதைக் கவனித்திருந்தால், அது பெரும்பாலும் இதுதான். பலரும் ஜி.பி.எஸ்.ஸை வழிகாட்டி என்றே நினைக்கிறார்கள். தொலைத்தொடர்புக்கு அது மணிக்கூண்டு.

அந்த மணிக்கூண்டு ஒருமுறை தவறாக அடித்தது. 1990 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்.வி.என்.-23 என்ற செயற்கைக்கோளுக்கு 25 ஆண்டுக்குப் பின், 2016 ஜனவரியில் ஓய்வு கொடுத்தார்கள். அதைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த கோளாறு ஒன்று வெளிப்பட்டது. வானில் இருந்த வேறு பல செயற்கைக்கோள்களுக்குத் தவறான எண் ஒன்று போய்ச்சேர்ந்தது. ஜி.பி.எஸ். தனக்கென வைத்திருக்கும் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றிக்கொள்ளப் பயன்படும் திருத்தம் அது. பிழை 13.7 மைக்ரோநொடி. ஜனவரி 26 அன்று ஏறத்தாழ 12 மணி நேரம் அது நீடித்தது.

இடம் கணிக்க இந்தத் திருத்தம் தேவையில்லை. ஆகவே வண்டிகள் சரியான தெருவிலேயே போயின, கப்பல்கள் தடம் மாறவில்லை. நேரத்துக்காக வானத்தைப் பார்த்திருந்த கருவிகள்தான் தடுமாறின. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பிரிட்டனில் பி.பி.சி.யின் டிஜிட்டல் வானொலி பல இடங்களில் தடைபட்டது.

வானொலி தடுமாறியபோது கைப்பேசிப் பேச்சு ஏன் பெரும்பாலும் தப்பியது? மேளக் கச்சேரி கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். வாசிக்கும் வேகமான காலப்பிரமாணம் வேறு, தொடங்கும் இடமான எடுப்பு வேறு. இரண்டு தவில்கள் ஒரே காலப்பிரமாணத்தில் வாசித்தாலும் எடுப்பு தள்ளிப்போனால் சேராது. போக ஒரு அலைவரிசை, வர ஒரு அலைவரிசை என்று பிரித்துக்கொண்ட கைப்பேசி வலைக்குக் காலப்பிரமாணம் சரியாக இருந்தால் போதும். பிரிட்டனில் அப்போது பெரும்பாலும் அந்த வகைதான். டிஜிட்டல் வானொலியிலோ பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்புகின்றன. எடுப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும். 13.7 மைக்ரோநொடியில் ஒளி நாலு கிலோமீட்டர் ஓடிவிடும்.

இதைப் பழைய கதை என்று தள்ள என்னால் முடியவில்லை. 2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கிய 5ஜி சேவை முக்கியமாக நம்பியிருக்கும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசைதான், ஒருவழிப் பாலத்தில் வண்டிகளை மாற்றி மாற்றி விடுவது போல. ஒரு கோபுரம் கைப்பேசியின் மெல்லிய குரலைக் கேட்கக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்துக் கோபுரம் முழு வலுவோடு பேசத் தொடங்கினால் எதுவும் காதில் விழாது. அதனால் ஒவ்வொரு கோபுரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோநொடிக்கு மேல் விலகக்கூடாது என்பது விதி. அன்றைய பிழை இதைப்போல் ஒன்பது மடங்கு.

வழிகள் இல்லாமலில்லை. தலைமை நிலையத்திலிருந்து நேரத்தை ஃபைபர் வழியே அனுப்பும் பி.டி.பி. என்ற முறை இருக்கிறது. நம் நாவிக் உட்பட வேறு செயற்கைக்கோள் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வானத்துத் தொடர்பு அறுந்தால் கோபுரம் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓட வேண்டும். நல்ல குவார்ட்ஸ் சில மணி நேரம் தாங்கும், ருபீடியம் ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். ருபீடியத்துக்கு விலை அதிகம். எல்லாக் கோபுரத்திலும் வேண்டாம், ஆனால் மருத்துவமனையும் காவல்நிலையமும் நம்பியிருக்கும் கோபுரங்களில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேவை நிறுவனங்கள் வேகத்தை விளம்பரம் செய்கின்றன. செயற்கைக்கோள் நேரம் இல்லாமல் தங்கள் கோபுரங்கள் எத்தனை மணி நேரம் ஒத்திசைவோடு நிற்கும் என்பதையும் அவை வெளியிட வேண்டும். அந்த எண்ணை ஒழுங்குமுறை ஆணையம் கேட்டு வாங்கி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

(தொடரும்)