ஐந்து வளையங்கள்

ஒலிம்பிக் விளையாட்டு விழாவில் வெண்ணிறக் கொடி ஒன்று ஏற்றப்படுகிறது. அதன் நடுவே ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். மேல் வரிசையில் நீலம், கறுப்பு, சிவப்பு. கீழ் வரிசையில் மஞ்சள், பச்சை.

இவ்வடிவத்தை அமைத்தவர் பிரெஞ்சு நாட்டினரான பியேர் தெ குபெர்த்தென். பண்டைக் கிரேக்கரின் விளையாட்டு விழா 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் மீண்டும் உயிர்பெறுவதற்குப் பெரிதும் உழைத்தவர் அவர். 1913ஆம் ஆண்டில், கடிதம் ஒன்றின் தலைப்பில் இவ்வளையங்களைத் தம் கையாலேயே வரைந்து வண்ணந்தீட்டினார். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் அடங்கிய ஓசியானியா என்னும் ஐந்து நிலப்பகுதிகளை அவை குறித்தன. வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் அவர் ஒன்றாகவே எண்ணினார்.

நிறங்களின் பொருள் யாது? மஞ்சள் ஆசியாவுக்கு உரியது, கறுப்பு ஆப்பிரிக்காவுக்கு உரியது என்றவாறு கண்டத்திற்கு ஒரு நிறம் வகுத்துக் கூறுவார் பலர். ஒலிம்பிக் கையேடே ஒரு காலத்தில் அவ்வாறு கூறிற்று. குபெர்த்தென் அங்ஙனம் கருதினார் என்பதற்குச் சான்று இல்லாமையால், 1951ஆம் ஆண்டில் அவ்விளக்கம் நீக்கப்பட்டது. மக்களைத் தோலின் நிறத்தால் பிரித்துக் காணும் பழக்கமே அதனைத் தோற்றுவித்தது போலும்!

அவர் கருதியது வேறு. ஐந்து நிறங்களோடு கொடியின் வெண்மையையும் சேர்த்தால் ஆறாகும். அந்நாளில் இருந்த எந்நாட்டுக் கொடியையும் இவ்வாறு நிறங்களைக் கொண்டே தீட்டிவிடலாம் என்பது அவர் கருத்து. சுவீடன் நாட்டார் தம் நீலத்தையும் மஞ்சளையும் அதில் காண்பர். ஜப்பானியர் தம் சிவப்பையும் வெள்ளையையும் காண்பர். எந்த வளையமும் எவருக்கும் தனியுரிமை அன்று.

1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் நகரில் கூடிய ஒலிம்பிக் பேரவையில் இக்கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டது. 1916ஆம் ஆண்டில் பெர்லினில் நிகழவிருந்த விழா நின்றுபோயிற்று. போரால் பெரிதும் சிதைவுற்ற பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், 1920ஆம் ஆண்டில்தான் ஒலிம்பிக் விழாவில் இக்கொடி முதன்முதலாகப் பறந்தது. ஆனால், போரில் தோற்ற ஜெர்மனியும் அதன் துணைநாடுகளும் அவ்விழாவிற்கு அழைக்கப்படவில்லை. அந்நாடுகளின் கொடி நிறங்கள் வளையங்களில் இருந்தன. அவற்றின் வீரர்கள் திடலில் இல்லை. ஜெர்மானிய வீரர்கள் அக்கொடியின் கீழ் வந்து நிற்க, 1928ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.