காசு தங்க வேண்டும், மணல் ஓட வேண்டும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கிழக்குக் கடலோரத்தின் ஒரு பகுதியைப் 'புதையல் கரை' என்றே அழைக்கிறார்கள். 1715 ஜூலை இறுதியில், ஹவானாவிலிருந்து வெள்ளியும் தங்கமும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்பிய 11 கப்பல்கள் அங்கே சூறாவளியில் சிக்கி மூழ்கின. அதே கரையில்தான் கிப் வாக்னர் என்ற வீடு கட்டும் தொழில் செய்தவர், ராணுவம் கழித்துவிட்ட கண்ணிவெடி தேடும் கருவியோடு நடந்து, அந்தக் கப்பல்களின் தடத்தைப் பிடித்தார். இன்றும் அங்கே புயல் ஓய்ந்தால் போதும், மெட்டல் டிடெக்டரும் கையுமாக ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.

அவர்களின் மறு கையில் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான காம்பு, அதன் நுனியில் உடம்பெல்லாம் துளையிட்ட ஓர் எவர்சில்வர் வாளி. மணலோடு காசையும் சேர்த்து அள்ளி, மணலை மட்டும் வெளியேவிடுகிற சல்லடை அது; 'அள்ளி' என்று வைத்துக்கொள்வோம். டிடெக்டரைப் பிரித்துக் கைவைக்கப் பெரும்பாலோருக்குத் துணிவிருக்காது. அள்ளி அப்படியில்லை. கடையில் வாங்கிவந்த கையோடு துளையைப் பெரிதாக்குவார்கள், விளிம்பை அராவுவார்கள், மிதிப்பலகை பற்றவைப்பார்கள். வெட்டிவேலை என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈரமணலே டிடெக்டருக்கு ஓர் உலோகம்போலத் தோன்றிக் குழப்பும். துடிப்பு வகைக் கருவிகள் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. காந்தத் துடிப்பை அனுப்பிவிட்டுச் சுமார் 10 மைக்ரோ விநாடி காதைப் பொத்திக்கொள்ளும். அதற்குள் உப்புநீரில் தூண்டப்பட்ட மின்னோட்டம் அடங்கிவிடும். காசில் சுழலும் மின்னோட்டம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த மிச்சத்தைத்தான் கருவி கேட்கிறது. ஆனால் இவ்வகைக் கருவிக்கு இரும்பையும் பொன்னையும் தரம்பிரிக்கும் திறமை குறைவு. சோடாமூடிக்கும் மணியடிக்கும், மோதிரத்துக்கும் மணியடிக்கும். அடித்த இடமெல்லாம் தோண்டியாக வேண்டும். அதனால் ஒரு நாளின் வரவு பெரும்பாலும் அள்ளியின் வேகத்தைப் பொறுத்தது.

இங்கே எதிரி மணல் என்றுதான் முதலில் நினைப்போம். உண்மையில் வம்பு செய்வது தண்ணீர். மெரினாவில் அலை தொட்டுப்போன மணலில் பாதம் வைத்தால், காலைச் சுற்றி மணல் ஒரு கணம் உலர்ந்ததுபோல வெளுக்கும். இதன் காரணத்தை 1885இல் விளக்கியவர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். நெருக்கி அடுக்கப்பட்ட துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது இடைவெளிகள் பெரிதாகி, மேலிருக்கும் நீரை உள்ளே இழுக்கின்றன. அள்ளியை ஓங்கிக் குத்தும்போதும் இதுவே நடக்கிறது. நீர் வந்து சேர அவகாசமில்லாததால் இடைவெளிகளில் அழுத்தம் குறைந்து, துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. அவசரப்பட்டால் மணல் இறுகும். ஆட்டி ஆட்டி அழுத்தினால் இளகும். கைப்பழக்கம் உள்ளவர்கள் அள்ளியை உள்ளே செலுத்தும்போது இடுப்பை அசைப்பது இதற்குத்தான்.

வெளியே இழுக்கும்போது இன்னொரு தொல்லை. அள்ளி மேலே எழும்பினால் அடியில் வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்ப நீர் ஓடிவர வேண்டும். பின்புறமும் அடிப்புறமும் மூடிய தகடாக இருந்தால் நீருக்கு வழியில்லை. மொத்த அள்ளியையும் கடல் பிடித்து வைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், மலிவான அள்ளியில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம், பின்புறமும் அடிப்புறமும் சேரும் குதிகால் பகுதியில் நாலைந்து துளை போடுவதுதான். காம்பை மாற்றுவது, விளிம்பில் பல் வைப்பது எல்லாம் அப்புறம்.

சரி, துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? அமெரிக்கக் காசுகளிலேயே சிறியதான 10 சென்ட்டின் விட்டம் 17.9 மி.மீ., தடிமன் 1.35 மி.மீ. வட்டத்துளை 12 மி.மீ. என்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தப்பாது. நீளவாட்டில் வெட்டிய துளை வேறு கதை, 2 மி.மீ. அகலமே இருந்தாலும் போதிய நீளம் இருந்தால் காசு ஒருக்களித்துக்கொண்டு நழுவிவிடும். தோட்டின் திருகாணி 12 மி.மீ. துளையில் போய்விடும். மெல்லிய சங்கிலியும் பாம்புபோல நெளிந்து இறங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சங்கிலியின் கண்ணிகள் தனித்தனிச் சிறு வளையங்கள் என்பதால் டிடெக்டருக்கும் அவை சரியாகக் கேட்பதில்லை. அள்ளியில் தப்புகிறவற்றில் பல, கருவியிடம் ஏற்கெனவே தப்பியவைதான்.

துளையின் அளவைப் போலவே அடுக்கும் முக்கியம். 12 மி.மீ. துளைகளை மையத்துக்கு மையம் 16 மி.மீ. இடைவெளியில் சதுரமாக அடுக்கினால், தகட்டில் 44 சதவீதம் திறந்திருக்கும். அதே இடைவெளியில் வரிசைக்கு வரிசை பாதி தள்ளி நெருக்கி அடுக்கினால் 51 சதவீதம். அதே இடைவெளியில் அறுகோணத் துளை வெட்டினால் 56. மணல் மட்டுமென்றால் எதுவும் அடைக்காது. அதன் துகள் 2 மி.மீ.க்கு உட்பட்டது. கிளிஞ்சல் சில்லுகள் வரும்போதுதான் சிக்கல். இரண்டு மூன்று சில்லுகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து, துளைக்கு மேலே வளைவுபோல நின்றுவிடும். துகளைவிடத் துளை ஐந்தாறு மடங்கு அகலமாக இருந்தால் இந்த அடைப்பு அரிது. இல்லாவிட்டால் குலுக்கித்தான் உடைக்க வேண்டும். குலுக்கலும் நல்லதே. நீரை 1 என்று கொண்டால் மணல் துகளின் அடர்த்தி 2.65, 18 காரட் தங்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ 15.5. அரிசி களையும்போது கல் அடியில் தங்குவதுபோல மோதிரம் அடியில் தங்கிவிடும். பள்ளத்தை அலை கலக்கினாலும் இதே கணக்குதான்: முதல் அள்ளலில் விட்ட மோதிரம் அடுத்த அள்ளலுக்குள் இன்னும் கீழே போயிருக்கும்.

எவர்சில்வரில் துளை போடுவது பொறுமையைச் சோதிக்கும். மழுங்கிய பிட்டை வேகமாகச் சுழற்றினால் உலோகம் தேய்ந்து தேய்ந்து கெட்டிப்படும், பிறகு பிட் இறங்கவே இறங்காது. எண்ணெய் விட்டு, மெதுவான சுழற்சியில், பலமாக அழுத்த வேண்டும். வெட்டும் விளிம்பை ஒட்டித் துளை போடக் கூடாது. இழுபடும் தகட்டில் வட்டத்துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும், விரிசல் அங்கேதான் தொடங்கும். மிதிப்பலகையைப் பற்றவைத்தால் அந்த இடம் நீலம் பாய்ந்திருக்கும். அந்த நிறத்தை நீக்காமல் கடலில் இறக்கினால், 'துருப்பிடிக்காத' இரும்பு அங்கே முதலில் துருப்பிடிக்கும். அலுமினியக் காம்பை எவர்சில்வர் போல்ட்டால் நேரடியாக முடுக்கினால் உப்புநீர் அதை மின்கலமாக்கி அலுமினியத்தை அரிக்கும். நடுவே நைலான் வாஷர் வேண்டும்.

இத்தனையும் இன்றைய காசுக்கும் மோதிரத்துக்கும் சரி. 1715இன் காசைத் தேடுகிறவர்களின் கணக்கு வேறு. வெள்ளியை எடைபோட்டு வெட்டி, சுத்தியலால் அச்சடித்த அந்தக் காசுகளுக்கு ஒழுங்கான வட்டமே கிடையாது. ஸ்பெயினின் அரை ரியால் காசு 2 கிராம்கூட இராது. 12 மி.மீ. துளையில் அது மணலோடு மணலாகப் போய்விடக்கூடும். இதற்காக அள்ளிக்குள் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை ஒன்றைக் கழற்றி மாட்டும்படி பொருத்தலாம். வேகம் குறையும், கிளிஞ்சல் அடைக்கும், தோள் வலிக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று துத்தநாகம் பூசிய வலையை மட்டும் வாங்கக் கூடாது. எவர்சில்வரோடு கடல்நீரில் சேர்ந்தால் துத்தநாகம்தான் முதலில் கரையும். வலையும் எவர்சில்வராகவே இருக்கட்டும். கட்டுவதற்கு நைலான் பட்டை போதும்.