தனிக்கொட்டடியும் சட்டமும்

கைதி ஒருவரைப் பிறர் முகம் காணாதபடி தனிக்கொட்டடியில் அடைத்து வைக்கச் சிறை அதிகாரிக்கு உரிமை உண்டா? 1978ஆம் ஆண்டில் இந்திய சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடை பகர்ந்தது. செஷன்ஸ் கோர்ட்டில் மரண தண்டனை பெற்ற சுனில் பத்ரா, அதை ஹைகோர்ட்டு உறுதி செய்யுமுன்பே டில்லி திகார் சிறையில் அவ்வாறு அடைக்கப்பட்டார். 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 30ஆவது பிரிவே இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

கோர்ட்டு அப்பிரிவை ரத்துச் செய்யவில்லை, பொருளை வரையறுத்தது. தனிமைச் சிறை என்பது வேறொரு தண்டனை. அதை விதிக்கத் தக்கது நீதிமன்றமே என்றது. நீதிமன்றத்துக்கும் வரம்பு உண்டு. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி, தொடர்ந்து 14 நாட்களுக்கு மேலும், மொத்தம் 3 மாதங்களுக்கு மேலும் கூடாது. 2024இல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் இவ்வரம்பையே கொண்டுள்ளது.

சட்டப்படியன்றி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது நம் மலேசிய அரசியல் சட்டத்தின் 5ஆவது விதியுமாகும். சிறைக்குள்ளும் இக்கேள்வி எழத்தான் வேண்டும்.